சிவப்பு மூடி, நாற்பது பாட்டில்

நான் வேலை பார்த்த நர்சிங் ஹோமில் இப்போது மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு சின்னக் கருவியை நோயாளியின் கைப்பட்டையில் காட்டுகிறார்கள். அது ஒலித்தால் ஆள் சரி. பிறகு மருந்துப் பெட்டியில் காட்டுகிறார்கள். ஒலித்தால் மருந்தும் சரி. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் அது வந்தது. நல்ல கருவி. அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது ஒலித்த பிறகும் மருந்தின் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் நான் கொடுப்பேன்.

கூட வேலை பார்த்த ஸ்வப்னா ஒருநாள் கேட்டுவிட்டாள். தெலுங்குப் பெண். என்னோடு பேசிப் பேசி அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது.

"காய்கூ ஆன்ட்டி, எதுக்கு? மிஷினே சொல்லிருச்சுல்ல? நீங்க யாருக்குச் சொல்றீங்க?"

பழக்கம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். எனக்கு நின்று விளக்கிப் பேச வராது. எழுதுவதானால் கொஞ்சம் வரும். அதனால் அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு லோத்குண்டாவில். தெலுங்கும் உருதுவும் பேசுகிற ஊர். அப்பா ராணுவக் குடியிருப்பில் தோட்ட வேலை செய்தார். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். பள்ளியில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லக்கூடக் குரல் எழும்பாது. பக்கத்தில் இருக்கும் பெண் எனக்காகக் கையைத் தூக்குவாள். பத்து முடித்ததும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸ் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்கள். கட்டில் விரிப்பது, காய்ச்சல் பார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் அங்கே கற்றேன். அங்கும் பேச வேண்டிய அவசியம் அதிகம் வரவில்லை. பயிற்சி முடிந்ததும் மாரெட்பள்ளியில் இந்த நர்சிங் ஹோமில் வேலை கிடைத்தது. கடைசி வரை அங்கேயே இருந்தேன்.

வார்டுப் பொறுப்பில் இருந்தவர் பிலோமினா சிஸ்டர். பக்கத்துத் திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்தவர். திருச்சிப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் வந்த குடும்பம். தமிழ், தெலுங்கு, உருது மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். அப்படி இறங்கும்போதுதான் எங்களுக்குப் பயம்.

மருந்து மேஜை அவருக்குக் கோயில் மாதிரி. அங்கே நிற்பவளிடம் யாரும் பேசக் கூடாது. டாக்டரே வந்து ஏதாவது கேட்டாலும், "ஒரு நிமிஷம் சார், அவ அளந்துட்டு இருக்கா" என்பார். ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று முறை படிக்க வேண்டும். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, அளக்கும்போது ஒரு முறை, திரும்ப வைக்கும்போது ஒரு முறை. குழந்தைகளின் சிரப்பை வீட்டு ஸ்பூனில் ஊற்ற விடமாட்டார். ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. கோடு போட்ட சின்னக் கப்பை மேஜைமேல் வைத்து, நாம் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் தட்டிவிடுவார். குழந்தையை எடை போடாமல் மருந்தைத் தொடவே கூடாது. வயதைக் கேட்டு அளவு சொல்வது அவருக்குப் பிடிக்காது. "வயசு ஒண்ணுதான். ஒண்ணு எலிக்குஞ்சா இருக்கும், ஒண்ணு பூசணிக்காயா இருக்கும்" என்பார்.

எனக்குப் பெரிய சோதனை கட்டில் பக்கத்தில்தான். மருந்து கொடுக்கும்போது மருந்தின் பெயர், அளவு, எதற்காக என்பதை நோயாளிக்குக் கேட்கும்படி, அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் சொன்னது என் கழுத்துப் பட்டியைத் தாண்டவில்லை.

"எனக்கே கேக்கல செல்வி, அவருக்கு எப்படிக் கேக்கும்? சுவத்துக்கா ஊசி போடற?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். எனக்கு அப்படியே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது.

அன்றைக்கே இன்னொன்றும் காட்டினார். நான் ஒரு பெரியவரிடம் தெலுங்கில், "நீங்கள் யாதகிரியா?" என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். சிஸ்டர் என் கையிலிருந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு, "நக்கோ, நக்கோ, வேணாம். நீங்க இவர்தானான்னு கேக்காத. உங்க பேர் என்னன்னு கேளு" என்றார். கேட்டேன். "ராமுலு" என்றார் பெரியவர். வெள்ளை உடுப்பில் வந்து என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொல்வதுதான் மரியாதை என்று அவர் நினைத்திருந்தார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் ஆமா இல்லையா என்று பதில் வரும்படி கேட்டதில்லை.

எதற்காக இவ்வளவு சத்தமாகப் படிக்க வேண்டும் என்று நான் ஒருமுறை மெதுவாகக் கேட்டேன். "உனக்குத்தான் தெரியுமே, நீ எதுக்கு உனக்கே சொல்லிக்கணும்? இன்னொரு காது கேக்கணும். அதுக்காகத்தான்" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை.

இன்னொரு சமயம் ஒரு நோயாளியின் மருமகள், மாமனாருக்கு மாத்திரை தொண்டையில் சிக்குகிறது என்று எல்லா மாத்திரையையும் நுணுக்கித் தயிர்சாதத்தில் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அன்பாகத்தான் செய்தாள். அதில் ஒன்று ரத்த அழுத்த மாத்திரை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதற்கென்று செய்தது. நுணுக்கியதால் ஒரு நாள் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாக அடிபடவில்லை. அதன் பிறகு வீட்டில் மருந்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைச் செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பதை சிஸ்டர் வழக்கமாக்கிக்கொண்டார். வாயால் கேட்டால் யாரும் நுணுக்குகிறேன் என்று சொல்லமாட்டார்கள், செய்யச் சொன்னால்தான் தெரியும் என்பது அவர் எண்ணம்.

அந்த வழக்கம்தான் கோபால் சார் விஷயத்தில் உதவியது.

கோபால் சார் ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். மாரெட்பள்ளியிலேயே வீடு. வேலூர்ப் பக்கத்துத் தமிழ். சர்க்கரைக்காகப் பல வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கை நடுங்கும் என்பதால் மனைவி சரோஜா அம்மாதான் தினமும் காலையில் டிபனுக்கு முன் இருபது யூனிட் போடுவார். ஒரே மகள் உமா அமெரிக்காவில். விடுமுறைக்கு வந்திருந்தாள்.

ஒருநாள் காலை பத்தரை மணிவாக்கில் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சட்டை முழுக்க வியர்வை. கண் திறந்திருந்தது, ஆள் இங்கே இல்லை. சரோஜா அம்மாவைப் பார்த்து, "சில்லறை குடுங்கம்மா. எல்லாரும் ஐநூறா நீட்டினா நான் எங்க போவேன்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"காலைலேருந்து இப்படித்தான் சிஸ்டர். மொதல்ல வெளையாடறாருன்னு நெனச்சேன்" என்று அழுதார் சரோஜா அம்மா.

விரலில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை மிகவும் கீழே போயிருந்தது. டாக்டர் உடனே குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் கோபால் சார் சுற்றிலும் பார்த்து, "இது யாரு கட்டில்?" என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

சில நாள் வார்டில் வைத்துப் பார்த்தோம். எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலினையே போட்டோம். முதலில் குறைத்து, பிறகு படிப்படியாக ஏற்றிப் பழைய இருபதுக்கே வந்தோம். சர்க்கரை ஒழுங்காக நின்றது. வீட்டில் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருப்பார் என்று டாக்டர் நினைத்தார். வீட்டுக்கு அனுப்பினோம்.

மறுநாளே அதே ஆட்டோ, அதே வியர்வை.

இந்த முறை உமாவின் முகம் மாறியிருந்தது. அப்பாவுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே வராந்தாவில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நெஜத்தைச் சொல்லு. ரெண்டு தடவை போட்டுட்டியா?"

"இல்லடி. ஒரு தடவதான் போட்டேன்."

"போட்டது மறந்துட்டு மறுபடியும் போட்டிருப்ப."

"அடுப்புல வச்ச பாலைக்கூட நான் மறந்ததில்ல. உங்கப்பாவுக்குப் போட்டத மறப்பேனா?"

உமா டாக்டரிடம் போனாள். "அம்மாவால இனி மேனேஜ் பண்ண முடியாது டாக்டர். எனக்கு லீவ் முடியப் போகுது. ஊருக்கு வெளில நர்ஸ் வசதியோட ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன். அப்பாவ அங்க சேத்துடலாம்னு இருக்கேன்."

சரோஜா அம்மா அதைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகள் சொல்வது உண்மையாக இருக்குமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிலோமினா சிஸ்டர் அவர் பக்கத்தில் போய் நின்றார். "வீட்டுல ஊசி போடற சாமான் அத்தனையும் கொண்டு வாங்க. பாட்டில், ஊசி, பஞ்சு, எல்லாம். எதையும் மாத்தி வைக்காதீங்க. எப்படி இருக்கோ அப்படியே."

உமாவே போய்க் கொண்டுவந்தாள். ஒரு எவர்சில்வர் சம்படத்தில் சிரிஞ்சுகளும் பஞ்சும், தனியாக ஐஸ் வைத்த டப்பாவில் மருந்து பாட்டிலும் இருந்தன. கோபால் சார் அதற்குள் தெளிந்து, தலையணையில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப வீட்டுல போடற மாதிரியே பண்ணிக் காட்டுங்க. அவருக்குப் போட வேணாம். இந்தத் தட்டுல விடுங்க" என்றார் சிஸ்டர்.

சரோஜா அம்மா எழுந்து போய்க் கையை சோப்புப் போட்டுக் கழுவினார். பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். குலுக்கவில்லை. ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். ஊசியின் சிவப்பு மூடியைக் கழற்றி, இருபது வரை காற்றை இழுத்துப் பாட்டிலுக்குள் செலுத்தினார். பாட்டிலைக் கவிழ்த்து, கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, சரியாக இருபதாம் கோட்டுக்கு இழுத்தார். ஒரு குமிழி இருந்தது. விரலால் சுண்டி அதையும் வெளியேற்றினார். பயிற்சிக்கு வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு இவ்வளவு சுத்தமாக வராது.

"ஒரு கொறையும் இல்ல" என்றார் சிஸ்டர். "செல்வி, இப்ப நீ வாங்கு. நம்ம வார்டுல படிக்கற மாதிரி படி."

நான் பாட்டிலை வாங்கினேன். அத்தனை பேர் நிற்கிறார்கள். படித்துவிட்டால் போதும் என்று மேலிருந்து கீழே எழுதியிருந்ததை அப்படியே படித்தேன். மருந்தின் பெயர், அதே மருந்துதான். காலாவதித் தேதி, இன்னும் இருந்தது. "ஒரு மில்லிக்கு நூறு யூனிட்."

"ஊசி?"

சிரிஞ்சைத் திருப்பினேன். "சிவப்பு மூடி. நாற்பது."

படித்தேனே தவிர எனக்கு உடனே எதுவும் உறைக்கவில்லை. சிஸ்டர் குரலை இறக்கி, "இன்னொரு தடவ படி" என்றார். மறுபடி படித்தேன். நூறு. நாற்பது.

"நூறா?" என்றார் சரோஜா அம்மா. "நம்ம பாட்டில்ல நாப்பதுன்னுதான போட்டிருக்கும்?"

பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"அது நான் கொண்டுவந்த பாட்டில்மா" என்றாள் உமா. "அங்க எல்லாமே ஹண்ட்ரட்தான்..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

நடந்தது இதுதான். நம் ஊரில் பெரும்பாலும் கிடைக்கிற இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட் மருந்து இருக்கும். அதற்கென்று உள்ளதுதான் சிவப்பு மூடி சிரிஞ்சு. அதில் இருபதாம் கோடு என்றால் அரை மில்லி. ஒரு மில்லிக்கு நூறு யூனிட் உள்ள மருந்தும் உண்டு. அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. அப்பாவுக்கு நல்ல மருந்தாக இருக்கட்டும் என்று உமா அமெரிக்காவிலிருந்து ஐஸில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். அங்கே பாட்டில் வேறு, சிரிஞ்சு வேறாகத்தான் விற்கிறார்கள். பாட்டிலை மட்டும் வாங்கி வந்தாள். வீட்டில்தான் டப்பா நிறைய ஊசி இருக்கிறதே என்று நினைத்தாள். வீட்டுப் பாட்டில் தீர்ந்ததும் சரோஜா அம்மா மகளின் பாட்டிலைத் திறந்து, தன் சிவப்பு மூடி ஊசியில் வழக்கம்போல இருபதாம் கோடு வரை இழுத்தார். அரை மில்லி. ஆனால் அந்த அரை மில்லியில் ஐம்பது யூனிட் இருந்தது. வார்டில் எங்கள் மருந்தைப் போட்டபோது நன்றாக இருந்தவர் வீட்டுக்குப் போனதும் விழுந்ததற்கு இதுதான் காரணம்.

சிஸ்டர் இதைச் சொல்லத் தொடங்குவதற்குள் சரோஜா அம்மாவே கணக்குப் போட்டுவிட்டார்.

"திக்கான டிகாக்ஷன அதே டம்ளர் அளவுக்கு ஊத்தியிருக்கேன்" என்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அம்பது. என் கையாலயே அம்பது போட்டிருக்கேன்."

"நான்தாம்மா கொண்டாந்தேன்" என்றாள் உமா. வராந்தாவில் கேட்ட குரல் அல்ல அது.

டாக்டர் வந்து கேட்டுவிட்டு, முதல் தடவையே அந்தப் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டார். ஒரு வீட்டில் ஒரே வகைதான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அமெரிக்கப் பாட்டில்களை உமாவே மூட்டை கட்டி எங்களிடம் ஒப்படைத்தாள்.

விஷயம் அங்கே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பலாம் என்ற பேச்சு வந்ததும் சரோஜா அம்மா சொன்னார்: "உமா சொன்ன எடத்துலயே சேத்துடுங்க. இல்ல, வேற ஆள வையுங்க. நான் இனிமே ஊசியத் தொடமாட்டேன்."

இப்போது உமா, "வேணாம்மா, நீயே போடு" என்று கெஞ்சினாள். அவர் அசையவில்லை. கோபால் சாரோ, "வேற யாராவது வந்தா நான் கையக் குடுக்க மாட்டேன்" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். உமா ஊருக்குப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் யாருக்கும் சமாதானம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற அன்று காலை ஊசித் தட்டைக் கொண்டுவந்து சரோஜா அம்மாவின் மடிக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் எங்கள் வார்டு பாட்டிலும் ஒரு சிவப்பு மூடி ஊசியும் இருந்தன.

"நீங்க போட வேணாம். படிக்க மட்டும் செய்யுங்க. செல்வியும் கூடப் படிப்பா. அவ போடுவா."

நானும் சரோஜா அம்மாவும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றோம். அவர் குரல் வரவே இல்லை. என் குரல் எப்போதும் போல. பாட்டிலைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தோம்.

"என்ன ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க?" என்றார் கோபால் சார். "எந்த ஊருக்கு டிக்கெட்டுன்னு சத்தமாச் சொன்னாத்தான் நான் குடுப்பேன். பின்னால க்யூ நிக்குது."

பக்கத்துக் கட்டில்காரருக்குத் தமிழ் தெரியாது. க்யூ என்பது மட்டும் புரிந்து, "ஹவ் ஹவ், ஜல்தி போலோ" என்று அவரும் உருதுவில் அவசரப்படுத்த, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் என் கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை. "சிவப்பு மூடி!" என்றேன். எனக்கே புதிதாக இருந்த குரல்.

"சிவப்பு மூடி" என்றார் சரோஜா அம்மா. பாட்டிலைத் தானே எடுத்தார். "நாப்பது பாட்டில்." ஊசியையும் எடுத்தார். நான் கையை நீட்டவில்லை. சிஸ்டர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். சரோஜா அம்மா இருபதுக்கு இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கணவருக்குக் காட்டினார். "இருவது. பாத்துக்கோங்க."

"இருவது. சரி. போடு" என்றார் கோபால் சார்.

போட்டார். போட்டு முடித்த பிறகுதான் அழுதார்.

பிலோமினா சிஸ்டர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். நானும் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மாரெட்பள்ளி மார்க்கெட்டுக்குப் போனவள், அப்படியே கோபால் சார் வீட்டுக்கும் போனேன். காலை டிபன் நேரம். சரோஜா அம்மா பாட்டிலை உருட்டிக்கொண்டிருந்தார். கோபால் சாருக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. கண்ணும் மங்கிவிட்டது. பேப்பரை வெறுமனே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி சரோஜா அம்மா யாருக்குச் சொல்லிப் போடுவார் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மேஜையில் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தார். அதில் உமாவின் முகம். அங்கே முந்தின நாள் இரவு. சரோஜா அம்மா பாட்டிலைப் போனுக்கு நேராகப் பிடித்தார்.

"நாப்பது பாட்டில். சிவப்பு மூடி. இருவது. தெரியுதா?"

உமா முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

"தெரியுதும்மா. இருபது. போடு."